பத்து வரிசை ஓடும் ஒரு சுளகுத் தானியமும்

ஆனி மாதம் முதல் தேதி காலை, முதல் லாரி வந்து நிற்பதற்கும் டீக்கடை பாய்லர் கொதிப்பதற்கும் நடுவில், எங்கள் விளாத்திப்பேட்டைத் தானியக் கூடம் தன் கூரையின் இடது சரிவிலிருந்து ஒரு வரிசை ஓடுகளையும் வலது சரிவிலிருந்து ஒரு வரிசை ஓடுகளையும் உதிர்த்தது. உதிர்த்தது என்று யோசித்துத்தான் சொல்கிறேன். விழுகிற ஓடு உடையும். இவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. முகட்டை ஒட்டிய மேல் வரிசையிலிருந்து கிளம்பி, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம் அந்தப் பக்கம் ஒரு ஆட்டம் என்று அவசரமே இல்லாமல் இறங்கி, கம்பு மூட்டைமேல் ஒன்றும் சோள மூட்டைமேல் ஒன்றும் கொம்பையாவின் தலைப்பாகைமேல் ஒன்றுமாக வந்து உட்கார்ந்தன. கொம்பையா எங்கள் லோடுமேன்களுக்குத் தலைவன், தலையில் நூறு கிலோ இருந்தாலும் வாயிலிருக்கிற வெற்றிலையைத் துப்பாமல் நடக்கிறவன். அவன் தலைமேல் இருந்ததை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி, இத எடை போட்டுச் சொல்லும்."

நான் மந்திரமூர்த்தி. அந்தக் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாகத் தராசு பிடிக்கிறவன். எதையும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று ஊரில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. ஒரு சீமை ஓடு இரண்டரை கிலோவுக்குக் குறையாது. இதைச் சின்னத் தராசில் வைத்தால் தட்டு தாழ்ந்ததே தெரியவில்லை. எதிர்த்தட்டில் ஒவ்வொரு கடுகாகப் போட்டுக்கொண்டே வந்தேன், ஏழாவது கடுகில் முள் நேரே நின்றது. சரி, அந்த ஒரு ஓட்டின் குணமாக இருக்கும் என்று இடது சரிவு ஓடு ஒன்றை ஒரு தட்டிலும் வலது சரிவு ஓடு ஒன்றை மறு தட்டிலும் வைத்தேன். முள் ஆடக்கூட இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு சமத்தை நான் பார்த்ததில்லை, உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, "லாரி நிக்குதுல்லா, வேலையப் பாருங்கலே" என்று சத்தம் போட்டேன்.

ஊர் இதற்காகப் பெரிதாக மலைத்துப்போகவில்லை. கூடத்துக் கூரையின் கைமரங்களில் மாடப்புறாக்கள் இருந்தன, முந்நூறோ நானூறோ, யார் வளர்த்தவையும் இல்லை, தானியம் இருக்கிற இடத்துக்குத் தாமாக வந்து சேர்ந்த காட்டுப் புறாக்கள். ஒவ்வொரு ஆனியிலும் அவை இறகு உதிர்க்கத் தொடங்கும். அன்றைக்குக் காலையிலும் தொடங்கியிருந்தன. நூறு வருஷமாக ஒரே கூரையில் குடியிருக்கிறவர்களின் பழக்கம் கூரைக்கு ஒட்டிக்கொள்ளாதா என்றார் டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அம்மாளின் இருமல்கூட எனக்கு ஒட்டிக்கொண்டதே என்றார் ஒரு மிளகாய் வியாபாரி, அதோடு பேச்சு மழை எப்போது வரும் என்பதற்குப் போய்விட்டது. உதிர்ந்த ஓடுகளை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அடுப்பு விசிற அவை நல்ல வசதியாக இருந்தன.

பூலம்மாள் மட்டும் எதையும் எடுத்துப்போகாமல், கூட்டுகிற வாரியலை இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு, வாய் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டே நின்றாள்.

பூலம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை ஏறும்போதும் இறங்கும்போதும் தரையில் சிந்துகிற தானியம் வியாபாரிக்குச் சொந்தமில்லை, அதைக் கூட்டி, சுளகில் புடைத்து எடுக்கிற பெண்களுக்குச் சொந்தம். மூட்டைக்குச் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குனிந்து ஒரு மணியைப் பொறுக்கக் கூடாது, பொறுக்கினால் அன்றைக்கு அவர் சரக்கை நான் எடை போட மாட்டேன். இருபத்துமூன்று பெண்கள் அப்படி இருந்தார்கள், அவர்களில் மூத்தவள் பூலம்மாள். பத்தொன்பது வயதில், புருஷன் செத்த மறுவாரம் கூடத்துக்கு வந்தவள், சிந்திய தானியத்திலேயே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அந்த வழக்கத்தோடு சேர்ந்து இன்னொன்றும் உண்டு. தினமும் முதல் எடைக்கு முன்னால் அவள் சுளகை மூன்று தட்டுத் தட்டி, இடது வாசலில் ஒரு கை, வலது வாசலில் ஒரு கை கம்பு வீசுவாள். அது புறாப் பங்கு. புறாக்கள் இறங்கிக் கொத்தத் தொடங்கிய பிறகுதான் நான் தராசை மாட்டுவேன்.

அந்தக் கூடம் எங்கள் கையைவிட்டுப் போகிற நேரம் அது. கட்டடம் ஊர் வியாபாரிகளுடையது, அது நின்ற நிலம் ஆதிமூலம் என்பவருடையது. அவருடைய பாட்டனார் காலத்தில் குத்தகைக்கு விட்டது, குத்தகை முடிந்தது, வழக்கு நடந்தது, நாங்கள் தோற்றோம். கார்த்திகை முதல் தேதிக்குள் நிலத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்றும், கட்டடத்தை அப்புறப்படுத்தி எடுத்துக்கொள்ளும் உரிமை வியாபாரிகளுக்கு உண்டு என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை வாசித்தபோது வக்கீலே சிரித்துவிட்டார். நூறடி நீளக் கட்டடத்தை யார் எப்படி எடுத்துக்கொள்வது? வியாபாரிகளுக்கு வேறு ஊரில் வேறு சந்தை கிடைக்கும், லோடுமேன்களுக்கு எங்கே போனாலும் மூட்டை கிடைக்கும். சிந்தியது பெண்களுக்கு என்று சொல்கிற கூடம் வேறெங்கும் இல்லை. ஆதிமூலம் ஒருநாள் காரில் வந்து, கல்யாண மண்டபம் கட்டப் போகிற இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூலம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கவலப்படாத. மண்டபத்துல எச்சி இலை எடுக்க ஆளு வேணும். ஒன்னயே வச்சிக்கிடுதேன்."

அன்றைக்கு முழுதும் பூலம்மாளின் சுளகு வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

ஆனி நடுவில் இரண்டாவது வரிசை உதிர்ந்தது, அதே போல இரண்டு பக்கமும். அதற்குள் முதல் வரிசை இருந்த இடத்தில் ஓடு தாங்குகிற ரீப்பர் சட்டத்திலிருந்து புதிதாக ஏதோ முளைத்திருந்தது. விரல் நீளத்தில், வெள்ளையான மெல்லிய உறைக்குள் சுருண்டு, வாழைக் குருத்து மாதிரி இருந்தது. நாளாக ஆக உறை பொடிப்பொடியாக உதிர்ந்து எங்கள் தலையில் கொட்டியது, உள்ளே இருந்து சிவப்பாக, பளபளப்பாக, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி ஓடு ஒன்று மெல்ல விரிந்தது. நான் எவ்வளவு முயன்றும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடத்தில் எல்லோருமே அண்ணாந்து பார்த்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டும் நடந்தோம்.

ஆடி முதல் தேதி மூன்றாவது வரிசையும் உதிர்ந்தபோது பூலம்மாள் வாரியலைக் கீழே வைத்துவிட்டு என் தராசுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இருவத்தொம்பது வருசமா இதுகளோட இறகக் கூட்டி அள்ளுதேன். மொத விழுறது உடம்ப ஒட்டுன குட்ட இறகு. பொறவு பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு, உள்ள இருந்து வெளிய, வரிசையா. ஐப்பசில விழுறதுதான் ஓரத்து இறகு. எடதுல ஒண்ணு விழுந்தா வலதுலயும் அதே இறகு விழும். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. இந்தக் கூரையில எத்தன வரிச ஓடு இருக்கு?"

எண்ணினோம். இடது சரிவில் முகட்டிலிருந்து ஓரம்வரை பத்து. வலது சரிவில் பத்து.

"கோழி இருக்கே, அது கண்டமேனிக்கு உதுத்துட்டு மூலையில ஒடுங்கிக் கெடக்கும். அது பறந்து எங்க போவணும்? புறா அப்பிடி இல்ல. ஒரு நாக்கூட பறக்காம இருக்க முடியாது. அதான் ரெண்டு பக்கமும் சமமா, ஒண்ணு முளைக்க முளைக்க ஒண்ண உதுக்குது. இது புறா உதுக்குத மாதிரிதான் உதுக்குது." அவள் மேலே கை காட்டினாள். "அப்பம் இதுக்கு எங்கயோ பறக்கணும்னு இருக்குல்லா?"

ஒரு மூட்டையிலிருந்து சோளம் சரசரவென்று சிந்திக்கொண்டிருந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. பிறகு கொம்பையா வெற்றிலையைத் துப்பினான். நாங்கள் அதுவரை அவன் துப்பிப் பார்த்ததே இல்லை.

"எக்கா," என்றான், "தீர்ப்புல எடுத்துக்கிடலாம்னுதான போட்டிருக்கு?"

அன்றிலிருந்து எங்கள் ஊருக்குத் தூக்கம் போயிற்று, பசி கூடிற்று, கல்யாணத் தேதிகள் கார்த்திகைக்குப் பிறகு தள்ளிப் போடப்பட்டன, வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஐப்பசி கடைசிக்குக் கட்டாயம் வந்துவிடு என்று போன் போயிற்று. பஞ்சாயத்துக் கூட்டம் கூடி, ஆற்றங்கரையில் சும்மா கிடந்த பழைய மாட்டுச் சந்தை மேட்டை, தானியக் கூடம் பறந்து வந்து இறங்கும் பட்சத்தில் அதன் உபயோகத்துக்கு ஒதுக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும், இறங்கும் பட்சத்தில் என்பதை இறங்கியவுடன் என்று திருத்த வேண்டுமென்று கேட்டார், கைதட்டலோடு அதையும் திருத்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேட்டிலிருந்த கல்லையும் முள்ளையும் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள்.

இறகு மாற்றுகிற புறா நிறையத் தின்னும், அதிகம் சத்தம் போடாது, குளிக்க ஆசைப்படும். கூடமும் அப்படித்தான் இருந்தது. காலையில் வந்து எடை போட்டால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு படி குறைந்திருந்தது. வியாபாரிகள் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், எனக்குக் கோபம் வந்துவிட்டது, நான் சாப்பிட்டேனா என்று கேட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். பூலம்மாள்தான் சமாதானம் செய்தாள். அன்று மாலையே சுவர் ஓரமாக நான்கு மூலையிலும் ஒவ்வொரு மரக்கால் கம்பு குவித்து வைத்தாள், மறுநாள் காலை குவியல்கள் இல்லை, மூட்டைகள் குறையவும் இல்லை. பெண்கள் முறை வைத்துக்கொண்டு தாங்கள் கூட்டி எடுத்த தானியத்திலிருந்தே அதற்குப் போட்டார்கள். புரட்டாசியில் முதல் மழை பெய்தபோது கூடம் ஓடுகளையெல்லாம் சிலிர்த்து நிமிர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் நனைந்தது, உள்ளே இருந்த நாங்களும் நனைந்தோம், மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நாங்கள் மழையிலேயே நின்று கூச்சல் போட்டோம்.

கட்டடத்தின் உறுதியைப் பரிசோதிக்க எஸ்தர் ராணி என்ற இன்ஜினியர் அம்மாள் வந்தார்கள். ஆதிமூலம் மனுப் போட்டு வரவழைத்தது. ஓடு உதிர்கிறது, ஆபத்தான கட்டடம், கார்த்திகைவரை பொறுக்க முடியாது என்று மனு. அந்த அம்மாள் ஏணியில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள், இறங்கி வந்து நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"படிவத்துல பழுது எவ்வளவுன்னுதான் கேட்டிருக்கு," என்றார்கள். "இதுக்கு வயசு குறைஞ்சிக்கிட்டே வருது. அதுக்குக் கட்டம் இல்லையே."

உதிர்வது உண்மைதானே, அதை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். அதை வைத்துக்கொண்டு ஆதிமூலம் தேதியை முன்னால் இழுத்துவிட்டார். ஐப்பசி பத்தாம் தேதி நோட்டீஸ் வந்தது. பதினாறாம் தேதி கோர்ட் அமீனா போலீஸோடு வந்து நிலத்தைக் கையகப்படுத்துவார்.

ஒன்பது வரிசை உதிர்ந்திருந்தது. ஒன்பதாவது இன்னும் உறைக்குள் சுருண்டிருந்தது, பத்தாவது உதிரவே இல்லை. எல்லோரும் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தோம். எப்படிப் பார்த்தாலும் பதினைந்து நாள் துண்டு விழுந்தது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். சொல்லவே எனக்கு வலிக்கிறது. பன்னிரண்டாம் தேதி மத்தியானம், பூலம்மாள் சாப்பிடப் போயிருந்தபோது, கொம்பையாவும் ஆட்களும் கூரைமேல் ஏறினார்கள். பத்தாவது வரிசையை நாமே சீக்கிரம் இறக்கிவிட்டால் சீக்கிரம் முளைத்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் கூடத்தில் லாரி எப்போதும் இடது மேடையில்தான் நிற்கும், வலது பக்கம் சாக்கடை, அங்கே யாரும் சரக்கு இறக்குவதில்லை. ஆயுள் முழுவதும் இடது பக்கமே ஏறி இடது பக்கமே இறங்கிப் பழகின கால்கள் யோசிக்காமல் இடது சரிவில்தான் ஏறின. லாரியில் சரக்கு இறக்குகிற வேகத்தில், கைக்குக் கை மாற்றி, முக்கால் மணி நேரத்தில் இடது பக்கத்துப் பத்தாவது வரிசை முழுவதையும் பிடுங்கி முடித்தார்கள்.

கடைசி ஓடு வந்ததும் ரீப்பரிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது. கூடம் ஒருமுறை நடுங்கியது. புறாக்கள் மொத்தமும் வெளியே பாய்ந்தன. ஆட்கள் கூரையிலிருந்து குதித்து ஓடினார்கள். கட்டடம் மெல்ல வலது பக்கமாகச் சாய்ந்து, என் பெரிய தராசின் தட்டு சுவரில் போய் இடித்தது.

பூலம்மாள் சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். கொம்பையாவின் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"பாவி, ஒரு பக்கம் மட்டும் இறக்குனா வண்டி குடை சாயும்னு ஒனக்கு நான் சொல்லணுமால? ஒந் தொழில்லா அது!"

கொம்பையா அடியை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். நூறு கிலோ சுமக்கிறவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் கண் கலங்கியது.

நான்கு நாள் கூடம் சாப்பிடவில்லை. மூலையில் வைத்த கம்பு வைத்தபடி இருந்தது. பிடுங்கின இடத்தில் இரத்தம் நின்றது, ஆனால் ஒன்பதாம் வரிசையில் உறை விரியவில்லை, வலது பக்கத்துப் பத்தாவது வரிசை உதிரவில்லை. ஊர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பூலம்மாள் நான்கு நாளும் சாய்ந்த சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு அமீனா வந்தார், போலீஸ் வந்தது, ஆதிமூலம் காரில் வந்தார், இடிக்கிற எந்திரம் ஒன்றும் பின்னால் வந்தது. மூட்டைகளையெல்லாம் ரோட்டுக்கு எடுத்து அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினோம். அமீனா நல்ல மனுஷர், கையில் காகிதத்தோடு தயங்கிக்கொண்டே நின்றார்.

"அரை மணி நேரம் தாரேன். வேற எதும் எடுக்க வேண்டியிருந்தா எடுத்துக்கிடுங்க."

அப்போதுதான் பூலம்மாள் எழுந்தாள். ரோட்டில் நின்ற புறா ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அதற்கு இரண்டு இறக்கையிலும் ஓரத்து இறகு இல்லை. எந்திரத்தின் சத்தம் கேட்டதும் அது ஜிவ்வென்று எழும்பி மின்கம்பிக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, பாத்தியளா? இறகு கொறையா இருந்தாலும் பறக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கொறஞ்சா போதும். எல்லாம் முளைக்கணும்னு அதுக்கு அவசியமே இல்ல!"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைத் தூக்கினாள். வலது பக்கம், சாக்கடைமேல், இதுவரை யாரும் ஏணி சாத்தாத பக்கம் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

"ஏல கொம்பையா! இந்தப் பக்கத்துப் பத்தாவது வரிசையையும் இறக்கு!"

"எக்கா, நாங்க ஒருக்கச் செஞ்சதே..." அவன் ஏணியைத் தொடாமல் நின்றான். "மறுபடியும் இரத்தம் வருமே எக்கா."

"வரும். வந்தாலும் சமமா வரட்டும். ஏறுல!"

கூட்டத்தில் பாதிப்பேர் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். கூடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னவள் நல்ல ஓட்டையும் பிடுங்கச் சொல்கிறாளே என்றார்கள். ஆதிமூலம் சந்தோஷமாகச் சிரித்து, இடிக்கிற வேலையில் பாதி மிச்சம், செய்யட்டும் விடுங்க என்றார். நான் தராசுக்காரன். கூடத்துக்குள்ளே சாய்ந்து தொங்கிய முள்ளைப் பார்த்தேன், இலேசான தட்டுக்கு மேலும் பாரம் சேர்க்க முடியாவிட்டால் கனமான தட்டிலிருந்து எடுப்பதுதான் வழி என்று என் கைக்குத் தெரிந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஏணியில் ஏறினேன். எனக்குப் பின்னால் கொம்பையா ஏறினான், அவனுக்குப் பின்னால் எல்லோரும் ஏறினார்கள்.

ஒவ்வொரு ஓடாகப் பிடுங்கினோம். கீழே பூலம்மாளும் பெண்களும் கைநீட்டி வாங்கினார்கள். ஒவ்வொரு ஓடு வரும்போதும் கட்டடம் ஒரு விரல் அளவு நிமிர்ந்தது. சிவப்புத் தண்ணீர் எங்கள் முழங்கைவரை வழிந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசி ஓட்டைக் கொம்பையா எடுத்தபோது உள்ளே என் தராசின் முள் 'டிக்' என்று நேரே நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இரைச்சலில் அது எப்படிக் கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" என்று பூலம்மாள் கத்தினாள்.

இறங்கி ஓடினோம். கூடம் ஒருமுறை சிலிர்த்தது, இரண்டு சரிவும் மேலே எழும்பி நிமிர்ந்தன, பிறகு படார் படார் என்று கீழே அடித்தன. நூறு வருஷத்துத் தூசியும் உறைப்பொடியும் புறா எச்சமும் ஒரே வீச்சில் கிளம்பி ஆதிமூலத்தின் கார்மேல் போய்ப் படிந்தன. மூன்றாவது அடியில் சுவர்கள் தரையைவிட்டன. நானூறு மாடப்புறாக்கள் முன்னால் பறக்க, எங்கள் விளாத்திப்பேட்டைத் தானியக் கூடம் நான்கு சுவரும் இரண்டு வாசலும் என் தராசுமாக ஆகாயத்தில் ஏறியது. தராசுத் தட்டுகள் மேலே கலகலவென்று ஆடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இருக்கிற தொண்டையெல்லாம் சேர்ந்து ஊர் கத்தியது.

அமீனா மட்டும் காகிதத்தை எடுத்துக்கொண்டு காலி நிலத்தின் நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தார். பிறகு, நிலம் காலியாக இருக்கிறது, கட்டடத்தை அதன் உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதி ஆதிமூலத்திடம் கையெழுத்து வாங்கினார்.

கூடம் ஊரை மூன்று சுற்றுச் சுற்றியது. நான்காவது சுற்றில் சுற்றவில்லை. தெற்கே திரும்பி, நேராக, உயரமாக, சின்னதாகிக்கொண்டே போயிற்று. கத்திக்கொண்டிருந்த ஊர் ஒவ்வொருவராக நிறுத்தியது. பறக்கும் என்று மூன்றரை மாதம் கொண்டாடினோம், பறந்து வேறெங்காவது போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இளம் ஓடு, புதுச் சிறகு, அதற்கு உலகம் முழுவதும் இருக்கிறது, எங்கள் மேட்டில் ஏன் இறங்க வேண்டும்? தீர்மானம் போட்டது எங்கள் பஞ்சாயத்துதானே, அதன் பஞ்சாயத்து இல்லையே.

பூலம்மாள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள். ரோட்டில் கிடந்த கம்பு மூட்டை ஒன்றின் வாயைக் கிழித்து, ஒரு சுளகு நிறைய அள்ளிக்கொண்டு, சிந்தச் சிந்த மாட்டுச் சந்தை மேட்டுக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். மேட்டின் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். முதல் எடைக்கு முன்னால் தினமும் செய்கிறபடி, அவசரப்படாமல், சுளகை மூன்று தட்டுத் தட்டினாள். இடது பக்கம் ஒரு கை வீசினாள். வலது பக்கம் ஒரு கை வீசினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மூன்று தட்டு. இடது ஒரு கை, வலது ஒரு கை.

தெற்கே ஒரு புள்ளி திரும்பியது. முதலில் ஒரு புறா வந்து அவள் காலடியில் இறங்கியது, பிறகு பத்து, பிறகு நூறு, மேடு முழுவதும் புறா. பிறகு எங்கள் தலைக்குமேல் வெயில் மறைந்தது, இரண்டு சரிவையும் அகல விரித்துக்கொண்டு, காற்றை அடித்து அடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எங்கள் கூடம் மேட்டில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் கொஞ்சம் தள்ளாடியது.

பூலம்மாள்தான் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, லாரி எந்தப் பக்கம் வரும்? வாசல ஆத்தப் பாத்து வச்சிருக்கே? திரும்பு."

கூடம் ஒரு முழம் எழும்பியது. சுவருக்குள் புறா குமுறுவது போல ஒரு சத்தம் ஓடியது. இருந்த இடத்திலேயே ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று திரும்பி, வாசலை ரோட்டுப் பக்கம் வைத்து அமர்ந்தது. அப்போதுதான் ஊர் கத்தியது, அந்தச் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

நான் உள்ளே போனேன். தராசு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது, பிடித்து நிறுத்தாமல் அது தானாக நிற்கும்வரை காத்திருந்தேன். மேலே இரண்டு ஓரத்திலும் பத்தாவது வரிசை இருந்த இடத்தில் ஒரே அளவு ஆகாயம் தெரிந்தது. அதன் விளிம்பில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ துளிர்த்திருந்தது.

"மொத எடை!" என்று கூவினேன்.

கொம்பையா மூட்டையோடு இடது பக்கம் போனவன், நின்று யோசித்து, பாதி ஆட்களை வலது பக்கமாக வரச் சொன்னான். அவன் தலையிலிருந்து இறக்கிய மூட்டையின் ஓரத்திலிருந்து ஒரு கை கம்பு புதுத் தரையில் சிந்தியது. சரக்குக்குச் சொந்தக்காரர் அருகிலேயே நின்றார். அவரும் குனியவில்லை, யாரும் குனியவில்லை. பூலம்மாள் வாரியலோடு வரும்வரை நாங்கள் எல்லோரும் அதை மிதிக்காமல் விலகி நின்றோம்.